சணப்பு ஊறிய ஏரி

யுத்த காலத்தில் நாமகிரிப்பேட்டைப் பக்கம் நான் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தக் கோடையில் பக்கத்து ஊர் ஏரியில் மீன்கள் செத்து மிதந்தன. அதே வாரம் ஊரில் பலருக்கு வயிற்றுப்போக்கு. கயிற்று நாருக்காக ஏரியின் ஒரு கோடியில் சணப்புக் கட்டுகளை ஊறப்போட்டிருந்த நாலு கூலிக் குடும்பங்கள்தான் இரண்டுக்கும் காரணம் என்று ஊரின் பெரிய பண்ணையக்காரர் முடிவு கட்டியிருந்தார்.

"அவங்கள ஊர உட்டே தொரத்தோணுமுங்க. நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்" என்றார்.

தண்ணீர் கறுத்து, மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றம். எனக்கும் சந்தேகம் இல்லை. எழுதப் பேனாவைத் திறந்தபோது, முழங்கால் தண்ணீரில் நார் உரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கரையேறி வந்தாள்.

"மீனு செத்தது எங்களாலதானுங்க சாமி, இல்லைங்கல. ஆனா நாங்களும் இந்த ஏரித் தண்ணியத்தான் குடிக்கறோம். குடிசையோரம் மணல்ல ஊத்துத் தோண்டி எடுத்துக்குவோம். எங்கள்ல ஒருத்தருக்கும் வவுத்தால போகலீங்களே?"

பேனாவை மூடினேன். சணப்பு ஊறிய இடம், ஏரி நடு, ஊரார் குடிக்க மொள்ளும் துறை என மூன்று இடங்களில் குப்பிகளில் தண்ணீர் பிடித்து, ஐஸும் மரத்தூளும் அடைத்த பெட்டியில் மெட்ராஸ் பரிசோதனைக்கூடத்துக்கு ரயிலேற்றினேன்.

"தண்ணியப் பாக்க மெட்ராஸ் வரைக்கும் போகோணுமுங்களா?" என்று பண்ணையக்காரர் சிரித்தார்.

பதில் வந்தது. நோய்க்கிருமிகள் அதிகம் இருந்தது குடிதண்ணீர்த் துறையில். போய்ப் பார்த்தேன். துறைக்கு மேலேயே மாடு குளிப்பாட்டினார்கள். துறையை ஒட்டிய மேட்டில் ஊரே வெளிக்குப் போயிற்று. நோய் வருவதற்குச் சற்று முன் பெய்த கோடை மழை எல்லாவற்றையும் தண்ணீரில் சேர்த்திருந்தது.

காகிதத்தைப் பண்ணையக்காரருக்குப் படித்துக் காட்டினேன். "மீன் செத்தது சணப்பால்தான். வயிறு கெட்டது ஊரார் தண்ணீர் மொள்ளும் துறையால்" என்றேன்.

அவர் மறுபடியும் படிக்கச் சொன்னார். பிறகு, "சணப்புக்குத் தனிக் குழி எங்க வெட்டலாமுங்க?" என்றார்.

ஏரிக்குக் கீழே தம் தரிசில் இடம் விட்டார். மாடுகள் வேறு பக்கம் போயின. மணலில் வடிந்து சுத்தமாகும் தண்ணீரைக் குடிக்க ஊற்றுக்கிணறு தோண்ட, மணல் பார்த்து இடம் காட்டியவள் அந்தப் பெண்தான்.

அடுத்த மழைக்குப் பின் அந்தக் கிணற்றுத் தண்ணீரை அனுப்பினேன். பதில் வந்த அன்று அவள் ஓடிவந்தாள்.

"பாஸாயிருச்சுங்களா?"

"ஆயிருச்சும்மா" என்றேன். ஏரியில் குஞ்சு மீன்கள் துள்ள ஆரம்பித்திருந்தன.