ஸ்டெல்லா டீச்சர் திறந்த வால்வு

காலையில் கல்லூரிக்குப் போகும் வழியில், வாகட் சந்திப்பு நெரிசலில் வண்டி நின்றபோது எங்கள் குடியிருப்பின் பி விங் சுந்தரம் போன் செய்தார். "சார், ஸ்டெல்லா டீச்சர் போயிட்டாங்க. தூக்கத்துலயே." பின்னால் நின்றவன் ஹாரனை விடாமல் அடித்தான். எனக்கு அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்தது.

டீச்சரும் நானும் ஒரே கல்லூரியில் அரசியல் தத்துவம் நடத்தினோம். ஒரே குடியிருப்பில் பக்கத்து வீடு. நிலைத்த சமாதானம் என்ற பாடத்தை அவர் யாருக்கும் விட்டுத்தர மாட்டார். வகுப்பில் ஆங்கிலத்தில் சொன்னதை ஸ்டாஃப் ரூமில் தமிழில் சொல்வார்: "பொய் மேல கட்டின சமாதானம் மொத மழைக்கே ஒழுகும்." "நாட்டை ஆளுறவன் உங்க கிளாஸுக்கு வரதில்லையே மேடம்" என்பேன். "அதான் ஒழுகுது" என்பார். பேச்சில் அவரை ஜெயிக்கவே முடியாது.

அப்புறம் எங்கள் குடியிருப்பிலேயே போர் மூண்டது. கோடையில் டேங்கர் தண்ணீர் போதவில்லை. ஏ விங்கின் மராத்திப் பெரியவர் பாட்டீல் காகா, பி விங்குக்குத் தண்ணீர் போகும் வால்வுக்குப் பூட்டுப் போட்டார். சுந்தரம் நேரே போய் அவரைத் திருடன் என்றார். மன்னிப்புக் கேட்டால்தான் திறப்பேன் என்றார் காகா. திறக்காதவனிடம் மன்னிப்பா என்றார் சுந்தரம். வயதானவர்கள் வாளியோடு படியேறினார்கள். கூட்டம் போட்டோம், கத்தினோம், கலைந்தோம்.

ஒரு மாலை டீச்சர் காகா வீட்டுக்குப் போய்வந்தார். பூட்டு திறந்தது.

"என்ன மந்திரம் மேடம்?"

"சுந்தரம் மன்னிப்புக் கேட்டாரு, நேர்ல வரக் கூச்சப்படுறாருன்னு சொன்னேன்."

"கேட்டாரா?"

"அவரா? ஐயய்யோ! நீங்க வாயைத் திறக்காதீங்க."

மறுநாள் வகுப்பில் பொய்யைப் பற்றிய அதே வாக்கியத்தைக் கூசாமல் சொன்னார். எனக்குத் தலை சுற்றியது. காகா தானாகவே இறங்கிவந்தார் என்று சுந்தரம் நம்பினார். இருவரும் சேர்ந்து நடைப்பயிற்சி போகத் தொடங்கினார்கள். உண்மை எனக்கும் டீச்சருக்கும் மட்டும்தான் தெரியும்.

கல்லறையிலிருந்து திரும்பி, கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். பயந்தது நடந்தது. காகா இந்தியில் சொன்னார்: "சுந்தரம்ஜி மன்னிப்புக் கேட்டதாக டீச்சர் வந்து சொல்லியிருக்காவிட்டால், நான் திறந்திருக்கவே மாட்டேன்."

சுந்தரம் வெடுக்கென்று நிமிர்ந்தார். மகா கோபக்காரர். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவர் எழுந்துபோய்க் காகாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹாங், காகா. மாஃப் கீஜியே" என்று இந்தியிலேயே மன்னிப்புக் கேட்டார்.

லிஃப்டில் என்னிடம் முணுமுணுத்தார். "நான் எப்ப சார் கேட்டேன்? அந்தம்மா எனக்காகக் கேட்டிருக்காங்க. இப்பப் போய் நான் கேக்கலைன்னு சொன்னா, அவங்க பொய்க்காரி ஆயிடுவாங்களே."

டீச்சரை அறிந்தவர்களே, நீங்களாவது சொல்லுங்கள். அவர் சொன்னது பொய்யா? எத்தனையோ மழை பார்த்தாயிற்று, ஒழுகவில்லையே. அவருடைய கொள்கை தோற்றதா, ஜெயித்ததா? அவரையே கேட்கலாமென்றால் ஆளில்லை. எனக்குக் கோபமாகக்கூட வருகிறது.

அவருடைய பாடத்தை இப்போது நான்தான் எடுக்கிறேன். அவரிடமிருந்து அந்த ஒரு வாக்கியத்தை எனக்கென்று வைத்துக்கொண்டேன். நேற்று வகுப்பில் அதைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டேன். பிள்ளைகள் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்கள்.