நான் அனுமதித்த அறிவிப்பு

எனக்கு வாய் நீளம் என்று வீட்டிலும் வேலையிடத்திலும் சொல்வார்கள். சொல்லட்டும், உண்மைதான். ஆனால் கெட்ட வார்த்தை மட்டும் என் வாயில் வந்ததில்லை. எங்கள் பஸ் ஸ்டாப்பில் நிழற்குடை இல்லை என்று எல்லோரும் இருக்கும் ஒரு பெரிய தளத்தில் நான் எழுதப்போக, முன்பின் தெரியாதவர்கள் வந்து என் பிறப்பையும் நான் கும்பிடும் மாதாவையும் இழுத்து எழுதிவிட்டுப் போனார்கள். புகார் கொடுத்தேன். "இது எங்கள் விதிகளை மீறவில்லை" என்று ஒருவரிப் பதில் வந்தது. யாரோ ஒரு பெரும் பணக்காரர் அந்தத் தளத்தை விலைக்கு வாங்கியிருந்த சமயம் அது. சந்தையில் மாட்டை விற்கும்போது மாட்டிடமா கேட்பார்கள்? எங்களையும் யாரும் கேட்கவில்லை.

பீளமேட்டில் நான் வேலை பார்க்கும் பம்ப்செட் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர் எனக்குத் தம்பி மாதிரி. நாற்பதை நெருங்கிவிட்டார், இன்னும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். என் புலம்பலைக் கேட்டுச் சலித்துப்போய் ஒரு நாள், "ஏனுங்க்கா, அடுத்தவன் காட்டுல நின்னுக்கிட்டு வேலி சரியில்லைன்னு அழுதா ஆகுமுங்களா? நாமளே ஒண்ணு ஆரம்பிச்சுப்போடலாமுங்க" என்றார். அதற்கான மென்பொருள் சும்மாவே கிடைக்கிறதாம். அவர் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து ஆரம்பித்தோம். முதலாளி இல்லை, விளம்பரம் இல்லை. ஒரு வருஷத்தில் நானூறு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

வசவு வராமல் இருக்க இரண்டு கட்டுப்பாடு வைத்தோம். எழுதுவதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆனால் எழுத வேண்டுமென்றால் ஏற்கெனவே உள்ள ஒருவர் சிபாரிசு செய்து உறுப்பினராக வேண்டும். உறுப்பினர் புதிதாகப் போடும் பதிவையும் எங்கள் இருவரில் ஒருவர் படித்து அனுமதித்தால்தான் அது வெளியே வரும். புதிதாகச் சேரக் கேட்டு வரும் விண்ணப்பங்களை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து நான் பார்ப்பேன். அவசரமென்று அதில் என்ன இருக்கப்போகிறது?

அவசரத்துக்குத் தனி வழி வைத்திருந்தோம். ரத்தம் தேவை, காணவில்லை என்று வந்தால் விசாரணை கிடையாது, பார்த்தவுடன் அனுமதி. அவிநாசி கோயிலுக்கு வந்து வழி தவறிப்போன ஒரு பெரியவரை எங்கள் ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்குள் கண்டுபிடித்துக் கொடுத்தபிறகு வந்த வழக்கம் இது. அந்தப் பெருமையை நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை, காலை டீ நேரத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. அனுப்பியவர் அவிநாசிப் பக்கத்தில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், ஆறு மாதமாக எங்கள் உறுப்பினர். தினமும் காலையில் எல்லோருக்கும் வணக்கம் சொல்லாமல் இருக்கமாட்டார். யாருடனும் ஒரு சொல் தடித்துப் பேசியதில்லை.

"வணக்கமுங்க. இது எங்க அண்ணன் மகளுங்க. மூணு நாளாக் காணோமுங்க. கொஞ்சம் மனசு சரியில்லாத புள்ளைங்க, மாத்திரையும் கையில இல்லீங்க. எங்கியாச்சும் பாத்தா மெரட்டாதீங்க, நல்லபடியாப் பேசி இருக்க வெச்சுட்டு இந்த நெம்பருக்குச் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க."

கூடவே பச்சைச் சுடிதாரில் ஒரு பெண்ணின் படம். மோட்டார் சோதிக்கும் மேஜைப் பக்கம் நின்றபடி படித்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையில் இருந்த டீயைக்கூடக் கீழே வைக்காமல் அனுமதித்தேன்.

மதியத்துக்குள் போத்தனூரிலிருந்து ஒரு டீச்சர் பதில் எழுதிவிட்டார். "இப்பத்தான் ஸ்டேஷன்ல ரெண்டாவது பிளாட்பாரத்துல பாத்தேனுங்க. ஒரு பையன்கூட உக்காந்துருக்குது." அறிவிப்பை அனுமதிக்கத்தான் நாங்கள் வேண்டும், பதில்கள் தாமாகவே ஏறிவிடும். அறிவிப்புப் போட்ட சித்தப்பா உடனே எழுதினார்: "ரொம்ப நன்றிங்க. இங்க டவுன்லயேதான் தேடிக்கிட்டு இருக்கோமுங்க. கெளம்பிட்டோமுங்க." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நானும் என் பங்குக்கு, "புள்ளையப் பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க" என்று எழுதினேன். தம்பிக்கு கேண்டீனில் முட்டை பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கறிக்குழம்பு கொதிக்கும் நேரத்தில், விண்ணப்பங்களைத் திறந்தேன். ஏழு இருந்தன. அதில் மூன்று ஒரே ஆளிடமிருந்து, மூன்றும் வியாழக்கிழமை வந்தவை. "சிபாரிசு செய்தவர் யார்?" என்ற கேள்விக்கு, "யாரும் இல்லீங்க" என்று இருந்தது. "எங்களுடன் ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்ற கட்டத்தில் அவள் எழுதியிருந்தாள்.

"அக்கா, உங்க தளத்துல இருக்கற போட்டோ என்னோடதுங்க. நான் காணாமப் போகலீங்க. எனக்கு இருவத்திரண்டு வயசு. மாத்திரையெல்லாம் எதுவும் இல்லீங்க. கல்யாணம் பண்ணிக்கறதுக்கு நானாத்தான் வந்தேன். அவரு வேற சாதிங்க. போட்டோவ எடுத்துருங்க."

இரண்டாவது: "போத்தனூர்னு ஒருத்தங்க எழுதிட்டாங்க. அதையாவது எடுத்துருங்க அக்கா. எங்க ட்ரெயின் இன்னும் வரலீங்க."

மூன்றாவதில் ஒரே சொல். "வந்துட்டாங்க."

குழம்பு அடிபிடித்த வாசம் வந்தபிறகுதான் எழுந்தேன். ஓடிப்போய் அறிவிப்பை நீக்கினேன். எதற்கு? மூன்று நாள் கழித்து. கெட்ட வார்த்தை உள்ளே வந்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்தி வைத்திருந்தேன். அந்தக் கதவை மூன்று முறை தட்டியவள் அவள்தான். அவளைத் தேடியவர் ஆறு மாதமாக உள்ளேயே இருந்தார்.

அறிவிப்பில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். "கெடைச்சிருச்சுங்க அம்மணி, ஊட்ல இருக்குதுங்க" என்றார் சித்தப்பா. குரலில் அத்தனை சந்தோஷம். பெண்ணிடம் பேசலாமா என்றேன். "தூங்குதுங்க." கூட இருந்த பையன்? "அவனுக்குப் புத்தி சொல்லி அனுப்பிப்போட்டோமுங்க." அதைச் சொன்னபோதும் அவர் குரல் மாறவில்லை.

தம்பியும் நானும் போலீசுக்குப் போனோம். அன்று சாயங்காலமே இரண்டு பெண் போலீஸ் அந்த வீட்டுக்குப் போய்வந்தார்கள். "மேஜர் பொண்ணும்மா. சொந்த விருப்பத்துலதான் ஊட்ல இருக்கறேன்னு எழுதிக் குடுத்துருச்சு. நாங்க என்ன பண்றது?" என்றார்கள். வெளியே வந்ததும் தம்பி என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். "நாம என்னங்க்கா பண்ணுனோம்? நம்ம ரூல்ஸ்படி எல்லாம் சரியாத்தானுங்க இருந்துச்சு." எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே அறைந்திருப்பேன். "அந்தப் பணக்காரனும் இதைத்தான்டா எனக்கு எழுதி அனுப்பினான்" என்று கத்தினேன். டா போட்டு அவரை நான் பேசியது அதுதான் முதல் முறை.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு நானே கிளம்பினேன். அவிநாசியில் இறங்கி, ஒரு டாக்சி பிடித்து அந்த வீட்டுக்குப் போனேன். வாய் நீளமுள்ளவள்தானே, நாலு கேள்வி கேட்டுவிடலாம், முடிந்தால் அவளைக் கையோடு கூட்டிவந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

சித்தப்பா வாசல் வரைக்கும் வந்து அழைத்துப்போனார். "இவங்கதானுங்க நம்ம புள்ளையக் கண்டுபுடிச்சுக் குடுத்தவங்க" என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னார். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கேட்க வந்ததை விட்டுவிட்டு அவர்கள் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தேன். காபி கொண்டுவந்தது அந்தப் பெண்தான். நான் யாரென்று காதில் விழுந்தபிறகுதான் தலை நிமிர்ந்தாள். மணிக்கட்டில் கன்றிப்போன தடம் இருந்தது.

அம்மா பலகாரம் எடுக்க உள்ளே போனாள். சித்தப்பா போனைத் தேடிக்கொண்டு வெளியே போனார். அரை நிமிஷம் கிடைத்திருக்கும்.

"நீ எழுதுனது மூணையும் படிச்சேன் கண்ணு" என்றேன்.

"எப்பங்க்கா?"

"ஞாயித்துக்கெழம."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அவரு தண்ணி வாங்கப் போனப்பக்கூட நீங்க ஓகே பண்ணிருவீங்கன்னு போனையே பாத்துட்டு இருந்தேனுங்க" என்றாள்.

"வெளிய டாக்சி நிக்குது. இப்பவே எங்கூட வந்துரு."

"வேண்டாமுங்க. நான் இங்க இருக்கற வரைக்குந்தானுங்க அவரை உசுரோட உடுவாங்க."

சித்தப்பா போனோடு திரும்பி வந்துவிட்டார். "அம்மணி, ரெண்டு பேரும் சேந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாமுங்க. நம்ம குரூப்புல போட்டா எல்லாரும் சந்தோசப்படுவாங்க" என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நான் ஏதாவது சொன்னால் நான் போனபிறகு அவளை என்ன செய்வார்களோ என்ற பயம். அவள் தட்டை மேஜையில் வைத்துவிட்டு வந்து என்னை ஒட்டி நின்றாள். தோள் சில்லென்று இருந்தது. "கொஞ்சம் சிரிங்க" என்றார் அவர்.

திரும்பி வரும்போது பஸ் தெக்கலூர் தாண்டுவதற்குள் அந்தப் படம் அனுமதி கேட்டு என் போனுக்கு வந்துவிட்டது. திறந்து பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.