இட்லிக்கு உம்பான் பொடி

என் கணவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் தூண்டில் போடப் போகிறவர். பாலத்தைத் தாண்டி அக்கரையில், காசு கட்டி மீன் பிடிக்கும் குளங்கள் இருக்கின்றன. கடையில் பாக்கெட்டில் விற்கும் இரையை அவர் தொடமாட்டார். "மீனுக்கும் வீட்டுச் சாப்பாடுதான் புடிக்கும்" என்பார். அந்த வீட்டுச் சாப்பாடு தயாராவது என் அடுப்படியில். தூண்டில் இரைக்கு இங்கே எல்லோரும் சொல்வது உம்பான் என்ற மலாய்ச் சொல்தான். எங்கள் வீட்டில் அது கிட்டத்தட்டக் கெட்ட வார்த்தை.

காய்ந்த ரொட்டியைத் தூளாக்குவார். வேர்க்கடலையை வறுப்பார். கூனி இறாலை வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்து, எல்லாவற்றையும் என் மிக்ஸியில் போட்டு அரைப்பார். அதோடு மஞ்சள் தூள், வறுத்த அரிசி மாவு, தாராளமாகப் பெருங்காயம். பெருங்காயம் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைப்பு. குளக்கரையில் பக்கத்தில் உட்காரும் சீன அங்கிள் என்ன சேர்க்கிறாய் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாராம். இவர் வாயைத் திறக்கவில்லை. இந்தப் பொடியைப் போத்தலில் போட்டு வைத்துக்கொண்டு, மீன் பிடிக்கப் போகிற அன்று காலையில் பெலாச்சான் என்ற இறால் விழுதைச் சுட்டு, முட்டையும் சேர்த்துப் பிசைந்து உருட்டுவார். அவர் பெலாச்சான் சுட்டால் நான் மின்தூக்கியில் வரும்போதே தெரிந்துவிடும். கதவைத் திறப்பதற்குள் திட்டில் பாதி முடிந்திருக்கும்.

என் மூக்கு அப்படி. பால் திரியப் போகிறது என்பதை அது திரிவதற்கு முன்பே சொல்வேன். மகன் சிகரெட் பிடித்ததை மூன்று வாய் கொப்புளிப்புக்குப் பிறகும் கண்டுபிடித்தவள் நான்.

அந்த மூக்கு கோவிட் காய்ச்சலோடு போயிற்று. காய்ச்சல் விட்டது, வாசனை திரும்பவில்லை. நாக்குக்கு உப்பும் புளிப்பும் காரமும் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ரசம் புளித்த வெந்நீர், காப்பி கசந்த வெந்நீர். தினமும் கிராம்பையும் எலுமிச்சையையும் முகர்ந்து பழகுங்கள் என்றார் மருத்துவர். முகர்ந்து முகர்ந்து மூக்கு நுனி சிவந்ததுதான் மிச்சம். ஒரு நாள் சாம்பார் பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது, கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கூடத்திலிருந்து ஓடி வந்து மூடினார். பயம் ஒரு பக்கம். அதைவிட எரிச்சல்தான் அதிகம். என் வீட்டில் நடப்பது எனக்கே தெரியாமல் போவதை என்னால் தாங்க முடியவில்லை.

அதனால்தான் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். முருகா, என் மூக்கைத் திருப்பிக் கொடு. வேறு எதுவும் கேட்கவில்லை.

விரதம் தொடங்கும் முன் வீட்டைக் கழுவினேன். சட்டி பானை எல்லாம் தனி. விரதம் முடியும்வரை வீட்டில் கவுச்சி கூடாது என்று சொல்லிவிட்டேன். தூண்டில்கள் அலமாரி மேல் ஏறின. பெலாச்சானும் மிச்சமிருந்த கூனியும் கீழ்வீட்டு மலாய்க்கார அக்காவுக்குப் போயின. குளிர்சாதனப் பெட்டியின் கதவில், பின்வரிசையில் இருந்த ஒரு போத்தலை மட்டும் இருவருமே மறந்துவிட்டோம். அது பழைய காப்பித்தூள் போத்தல். என் இட்லிப் பொடி இருந்ததும் அதே மாதிரி காப்பித்தூள் போத்தலில்தான்.

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காலையில் இட்லி ஊற்றி, பொடியை எடுத்து நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து உட்கார்ந்தேன். அவர் பசாருக்குப் போய்விட்டுக் காய்கறிப் பையோடு உள்ளே வந்தார்.

"என்னம்மா சாப்பிடுற?"

"பார்த்தா தெரியல? காரம்தான் கொறைச்சல், ஆனா பொடி இந்தத் தடவ நல்லா வந்திருக்கு. உங்களுக்கும் வைக்கவா?"

அவர் பையைக் கீழே வைத்தார். போத்தலை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனார். முகம் மாறியது.

"இது உம்பான்மா."

"எது?"

"நீ தொட்டுக்கிறது. கூனி போட்டு அரைச்ச பொடி. நான் மறந்துட்டேன்."

கையில் இருந்த இட்லியைத் தட்டில் போட்டேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது கோவையாக நினைவில்லை. உங்கள் மீனும் நீங்களும் நாசமாய்ப் போங்கள் என்றது நினைவிருக்கிறது. மிக்ஸியைப் பற்றியும் ஏதோ சொன்னேன். பிறகு தொட்டியடியில் வாயைக் கொப்புளித்துக்கொண்டே அழ ஆரம்பித்தேன்.

விரதம் கெட்டதற்காக மட்டும் அழவில்லை. அந்தப் பொடி ருசியாக இருந்தது. மூக்கு போனதற்குப் பிறகு நான் சாப்பிட்ட எதுவும் அவ்வளவு ருசியாக இல்லை. இரண்டாவது தடவை பொடி போட்டுக்கொண்டபோது, வாசனை மெல்லத் திரும்புகிறதோ, முருகன் கொஞ்சம் முன்கூட்டியே கொடுக்கிறானோ என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். மீனுக்குப் போடுவதைத் தின்றுவிட்டு சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அவர் சமாதானத்துக்கு வந்தார். "கவுச்சின்னா என்னம்மா? அந்த வாடைக்குத்தானே பேரு. உனக்குத்தான் வாடையே வரலியே. வராத வாடைக்கு எப்படிலா குத்தம்?"

"முருகன்கிட்ட போய் இப்படியே சட்டம் பேசுங்க" என்றேன். ஆனால் அந்தப் பேச்சு என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. கவுச்சி என்று நாம் சொல்வது மீனும் கறியும்தான். ஆனால் அந்தச் சொல் வாடையிலிருந்து வந்ததுதான். மூக்கில்லாதவளுக்குச் சோறும் ஒன்றுதான் கூனியும் ஒன்றுதான் என்றால், நான் இருப்பது என்ன விரதம்?

கோயில் குருக்களுக்குப் போன் செய்தேன். "தெரியாம நடந்ததும்மா. தலைக்குக் குளிச்சிட்டு விரதத்தத் தொடருங்க" என்றார். பின்னால் மணிச்சத்தம் கேட்டது, அவர் அவசரத்தில் இருந்தார். குளித்தேன், தொடர்ந்தேன். மனசு முழுசாக ஒட்டவில்லை.

ஒன்றை மட்டும் யோசித்தேன். என் கணவர் சும்மா இருந்திருக்கலாம். போத்தலை எடுத்து ஒளித்துவிட்டு, "நல்லா இருந்தா சாப்பிடும்மா" என்று சொல்லியிருந்தால் எனக்கு இந்த ஜென்மத்தில் தெரிந்திருக்காது. திட்டு விழும் என்று தெரிந்துதான் சொன்னார். அன்று மத்தியானத்திலிருந்து என் தட்டை முதலில் அவர் பக்கம் தள்ளினேன். அவர் குனிந்து முகர்ந்து, "பருப்பு, கத்திரிக்காய், சாப்பிடு" என்பார்.

தைப்பூசத்தன்று பால்குடத்தோடு நானும் அவரும் கூட்டத்தில் நகர்ந்தோம். வெயில் ஏறிவிட்டது. உடைத்த தேங்காய்ச் சில்லுகள் காலில் குத்தின. மலைப்படியில் வரிசை நின்று நின்று போயிற்று. எனக்கு முன்னால் இருந்த பெண்ணின் குடத்தில் பால் திரிந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள், அவள் முகம் வாடிப்போயிற்று. என் தலையில் இருந்த பாலும் அதே வெயிலில் வந்த பால்தான். கேட்டதை முருகன் கொடுப்பானோ இல்லையோ, கெட்ட பாலை அவன் தலையில் ஊற்றிவிடக் கூடாது.

குடத்தை இறக்கி அவரிடம் நீட்டினேன். "மோந்து பாருங்க."

அவர் துணியை விலக்கிக் குனிந்தார். உடனே நிமிரவில்லை. கூட்டம் முதுகில் இடித்தது. பின்னாலிருந்து ஒருவர், "நகருங்கலா அண்ணே" என்றார். என் கணவர் அசையாமல் இன்னொரு தடவை, மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார்.

"நல்லா இருக்கும்மா. திரியல."

குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டேன். முருகனிடம் மூக்கைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று அதன் பிறகு எனக்குத் தோன்றவே இல்லை.