ஆவடியில் மீட்கப்பட்டவன்

இதில் யார் பெயரையும் எழுதப்போவதில்லை. பெயரால் பட்ட பாடு போதும். நாட்டின் பெயரும் வேண்டாம். அங்கே இன்னும் நம்மவர்கள் வேலை பார்க்கிறார்கள்.

என் மகள் அந்த நாட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவள் போய் மூன்று வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தபோது அங்கே சண்டை தொடங்கியது.

நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, ஒரு புள்ளி, பிறகு நம் பெயர். பாஸ்போர்ட் படிவத்துக்கு அது போதாது. அதில் இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டாவது கட்டத்தில் என் பெயரை முழுதாக எழுதினோம். அந்த நாட்டுக்காரர்கள் இரண்டாவது கட்டத்தையே முதலில் படிக்கிறவர்கள். அதனால் அங்கே இறங்கிய நாளிலிருந்து அவள் பெயர் என் பெயராகிவிட்டது. சட்டையில் குத்தியிருக்கும் அட்டையிலும் அதுதான். "ஒரு ஷிஃப்ட்டுக்கு நாப்பது தடவை உன் பேரைத்தான்பா கூப்பிடறாங்க. நீ பின்னால நிக்கிறியான்னு திரும்பிப் பாக்கறேன்" என்று போனில் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

நம் அரசு கையைக் கட்டிக்கொண்டு இருந்தது என்று சொல்லமாட்டேன். சண்டை போட்ட இரண்டு தரப்போடும் பேசினார்கள். போகிற விமானத்தில் மருந்துப் பெட்டிகள், வருகிற விமானத்தில் ஆட்கள் என்று ஏற்பாடு செய்தார்கள். வெளியேற விரும்புகிறவர்கள் பெயரைப் பதியுங்கள் என்று தூதரகம் சொன்னது. மகள் இரண்டாம் நாளே பதிந்தாள். அங்கே போன் எப்போது உயிரோடு இருக்கும் என்று தெரியாததால், தொடர்பு எண்ணாக என்னுடையதைக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. காலை பத்து இருபது. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, ஆறாவது குடம். ஓர் அம்மாள், டெல்லிப் பக்கத்து ஆங்கிலத்தில் என் பெயரைச் சொல்லி, நீங்கள்தானா என்றார். நான்தான் என்றேன். இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்றார். ஆவடியில், என் வீட்டில் என்றேன். பத்திரமாக இருக்கிறீர்களா என்றார். ஒரு குறையும் இல்லை என்றேன். மிக்க மகிழ்ச்சி என்று சொல்லி வைத்துவிட்டார். மொத்தம் ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடி.

பெற்றவர்களையும் விசாரிக்கிறார்களே என்று எனக்கு மனம் நெகிழ்ந்துபோனது. மனைவியிடம் சொன்னேன். "அவளைப் பத்தி ஒண்ணுமே கேக்கலியா?" என்றாள். அடுத்த முறை கேட்பார்கள் என்றேன்.

மூன்றாம் நாள் மகள் பேசினாள். நாளையும் நாளை மறுநாளும் காலையில் ஆறு ஆறு மணி நேரம் குண்டு போடமாட்டோம் என்று இரண்டு தரப்பும் நம் அரசுக்கு வாக்குக் கொடுத்திருந்தன. அந்த நேரத்துக்குள் பேருந்துகள் எல்லையைத் தாண்ட வேண்டும். மருத்துவமனைச் சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். அவளோடு வேலை பார்த்த நம் ஊர்ப் பெண்கள் பத்துப் பேர் பெயரும் இருந்தது. அவள் பெயர் இல்லை.

"அப்பா, நான் ஊருக்கு வந்துட்டேனாம். வந்து சேந்து மூணு நாளாச்சாம். பத்திரமா இருக்கேன்னு நானே சொன்னேனாம்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவளிடம் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவரை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னதும், "இன்னா நைனா, ஃபாரின் போய்ட்டு வந்துட்டியாமே, நமக்கு இன்னா எட்த்துகினு வந்த?" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் அதற்குமேல் சிரிக்காமல் வண்டியை எடுத்தார். நகரத்தில் இதற்கென்று ஓர் உதவி மையம் திறந்திருந்தார்கள். இறக்கிவிடும்போது, "அங்க போய் கம்முனு குந்திகினு இருக்காத" என்றார்.

பதினொன்று பத்துக்கு உள்ளே போனேன். நாற்காலிகள் முப்பது, காத்திருந்தவர்கள் இருபத்து மூன்று பேர். மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும், மரியாதையான மனிதர். கணினியில் மகளின் பதிவைப் பார்த்துவிட்டு, இந்தப் பதிவு எண் முடிந்துவிட்டது, ஆள் திரும்பி வந்தாகிவிட்டது என்றார். திரும்பி வந்ததாக நீங்கள் எழுதியிருக்கும் ஆள் நான்தான், நான் எங்கும் போகவில்லை என்றேன். உங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள், முத்திரை இல்லை என்று உறுதி செய்துகொள்கிறோம் என்றார்.

"என்கிட்ட பாஸ்போர்ட்டே கிடையாது. பாஸ்போர்ட் இல்லாத ஆளை எந்த ஃப்ளைட்ல கூட்டிட்டு வந்தீங்க?"

பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் கோபப்படவில்லை. ஒரு தாளை நீட்டினார். தவறான தகவல் தந்ததற்கு வருந்துகிறேன் என்று கையெழுத்துப் போட்டால், மகளுக்குப் புது எண் கிடைக்கும், இரண்டே நிமிட வேலை என்றார். புது எண் வரிசையில் எங்கே நிற்கும் என்று கேட்டேன். கடைசியில் என்றார். பேருந்துகள் அத்தனை பேரையும் ஏற்றுமா என்று கேட்டேன். அது தூதரகத்துக்குத்தான் தெரியும் என்றார்.

நான் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் ஸ்டோர்ஸில் இருந்தவன். அங்கே ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் அட்டை தொங்கும். வந்தது எத்தனை, போனது எத்தனை, இருப்பு எத்தனை என்று அதில் எழுதுவோம். போகாத சாமானைப் போனதாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, புது அட்டையும் போடக் கூடாது. தவறான வரியின் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து. பழைய இருப்பு அப்படியே நிற்கும். இதைத்தான் அவரிடம் கேட்டேன். மூன்று கேள்வி கேட்டீர்கள், மூன்றுக்கும் சரியான பதில் சொன்னேன், வருந்துவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை, கோடு போட வேண்டியது நீங்கள் என்றேன். அதற்கு வழியில்லை என்றார். நான் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மனைவி போன் செய்தாள். "எழுதிக் குடுத்துட்டு வாங்க. பொண்ணு விஷயத்துல கௌரவம் பாக்காதீங்க" என்றாள். அது சுருக்கென்று தைத்தது. கையெழுத்துப் போட்டால் கடைசி இடம், போடாவிட்டால் இடமே இல்லை. பேனாவைத் திறந்தேன், மூடினேன். இரண்டு முறை.

அப்போது என் வலப்பக்கம் இருந்த பெண்மணி என் பக்கம் திரும்பினார். திருநின்றவூர்க்காரர். மகன் அந்த நாட்டில் வெல்டர். அவன் பெயரும் பட்டியலில் இல்லை, ஏன் என்று கேட்கத்தான் வந்திருந்தார். நான் போட்ட சத்தத்தை முழுக்கக் கேட்டிருக்கிறார்.

"எனக்கும் போன் வந்துச்சு சார். பையன் பேரைச் சொல்லல, எங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லி இருக்காரான்னு கேட்டாங்க. அவரு தவறிப்போய் ஒம்போது வருசமாச்சும்மான்னேன். அந்தப் பக்கம் ரொம்ப வருத்தப்பட்டாங்க." என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "அப்போ என் பையனை..."

அவர் முடிக்கவில்லை.

நான் எழுந்தேன். அந்த மன்னிப்புத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு நாற்காலி நாற்காலியாகப் போனேன். யாருக்கெல்லாம் அப்பா பெயரில் அழைப்பு வந்தது, என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டு எழுதினேன். என்னையும் அந்தப் பெண்மணியையும் சேர்த்து ஏழு பேர். ஏழு எண்களையும் மேசையில் வைத்து, இந்த ஏழும் பழைய இடத்துக்குப் போகும்வரை இங்கிருந்து எழமாட்டோம் என்றேன். மற்ற ஐந்து பேரின் சம்மதத்தை நான் கேட்கவில்லை. ஆனால் அவர்களும் எழவில்லை.

மூன்று நாற்பதுக்கு உள்ளறையிலிருந்து மேலதிகாரி வந்தார், ஒரு பெண். ஸ்டோர்ஸ் அட்டை விஷயத்தை முதலிலிருந்து சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு தன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிக் காட்டினார். அதிலும் இரண்டு பெயர்கள்.

"இங்க தினமும் டூட்டிக்கு வர்றது எங்கப்பாதான் சார். மெஷின்ல அவர் பேருதான் விழுது" என்றார்.

டெல்லிக்குப் போன் போட்டு இருபத்தைந்து நிமிடம் பேசினார். நடுவில் ஒருமுறை, இங்கே யாருக்கும் குடும்பப்பெயர் இல்லை, இல்லாததைக் கேட்டால் இப்படித்தான் நடக்கும் என்று குரலை உயர்த்தினார். பிறகு பட்டியலை அச்சடித்து, ஆறு வரிகளின் மேல் கோடு போட்டுக் கையெழுத்திட்டு, படமெடுத்துத் தூதரகத்துக்கு அனுப்பினார். ஐந்து மணிக்கு மகளின் குரல் வந்தது.

"பேர் வந்துடுச்சுப்பா. பழைய நம்பர்தான். காலைல முதல் வண்டி."

ஏழாவது எண் நடக்கவில்லை. அந்த வெல்டரை இறந்தவர் என்று பதிந்ததை மாற்ற அவன் அப்பாவின் இறப்புச் சான்றிதழ் வேண்டும், அது இல்லாமல் தன் கையெழுத்து செல்லாது என்று மேலதிகாரி வெளிப்படையாகச் சொன்னார். நாளை மறுநாள் வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றும் சொன்னார். சான்றிதழ் வீட்டில் இருக்கிறது, காலையில் கொண்டுவருகிறேன் என்றார் திருநின்றவூர்ப் பெண்மணி. கொண்டுவருகிறோம் என்று திருத்தினேன்.

மறுநாள் காலை ரயில் ஆவடியில் நின்றபோது, அவர் பெண்கள் பெட்டியின் வாசலிலிருந்து கையைக் காட்டினார். நான் அடுத்த பெட்டியில் ஏறினேன். அலுவலகம் திறக்குமுன் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது மகளிடமிருந்து செய்தி வந்தது. கிளம்பிவிட்டோம், வண்டியில் நாற்பத்தெட்டு பேர், எண்ணிவிட்டேன் என்று இருந்தது. எல்லைக்கு இன்னும் மூன்று மணி நேரம். நான் வீட்டுக்குப் போய் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கலாம்.

மேசைக்காரர் என்னைப் பார்த்ததும், "உங்க பொண்ணு விஷயம் முடிஞ்சிடுச்சே சார்" என்றார்.

"ஏழுன்னு எழுதிக் குடுத்தேன். ஆறுதான் ஆயிருக்கு."

அந்தப் பெண்மணி பாலிதீன் உறையிலிருந்து சான்றிதழை எடுத்தார். ஒன்பது வருடமாக மடங்காமல் வைத்திருந்த தாள். மேசைக்காரர் அதிலிருந்த பெயரையும் திரையிலிருந்த பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். உள்ளே போய் மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வந்தார். கணவர் இறந்தது உறுதியானது, அதனால் மகன் உயிரோடு இருப்பது செல்லும் என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்க்காமல் பேனாவை எடுத்து அந்த வரியின் மேல் கோடு போட்டு, தாளை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

"கையெழுத்து" என்றேன்.