கோடை டயர்

நானும் என் சகலையும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். நான் அக்காவைக் கட்டினேன். அவன் தங்கையைக் கட்டினான். இரண்டு பேரும் கம்பத்தில் வாடகைக் கார் ஓட்டினோம். இரண்டும் ஒரே மாடல். என்னுடையது பழசு, அவனுடையது புதுசு.

அவன் மேல் எனக்குப் பொறாமை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாமனார் வீட்டில் நாங்கள் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால் கறிச்சட்டி அவன் இலைக்குத்தான் முதலில் போகும். நான் மூத்த மருமகன். என் முறை வந்ததும் சாப்பிட்டு எழுந்துவிடுவேன்.

எனக்கென்று ஒரு ஓட்டம் இருந்தது. ஏலத்தோட்ட முதலாளி ஒருவர். வீடு கம்பத்தில், தோட்டம் கம்பம்மெட்டு மலைக்கு அந்தப் பக்கம். புதனும் சனியும் மேலே போவார். இடுப்பில் ஆபரேஷன் ஆனவர், அதனால் ஜீப்பில் ஏற மாட்டார். எட்டு வருஷமாக என் கார்தான். வேறு சவாரி வந்தாலும் வராவிட்டாலும் அந்த இரண்டு நாள் இருந்தால் வீடு ஓடும்.

ஒரு மாசி மாதம் எனக்குக் காய்ச்சல். முதலாளி மதுரை ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. சகலையை அனுப்பினேன். நானேதான் அனுப்பினேன். காய்ச்சல் விட்டு அடுத்த புதன்கிழமை மலை ஏறும்போது முதலாளி பின்சீட்டிலிருந்து சொன்னார்.

"ஒன் சகலை வண்டியில போனேம்ப்பா. ஆடாம அலுங்காம போகுது. வளைவுல ஒரு சத்தம் இல்ல. என்ன டயருப்பா அது? அகலமா இருக்கு."

"பாக்கலைங்க" என்றேன்.

பார்த்திருந்தேன். அவன் அந்த டயரைப் போட்ட அன்று ஸ்டாண்டில் எல்லாரும் கூடிவிட்டார்கள். தரையில் படுகிற இடம் அகலம், பக்கவாட்டு ஒல்லி. ஒருவர் விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ரப்பரு என்னப்பா இம்புட்டு மெதுவா இருக்கு, ஆட்டுக்குட்டி காது கணக்கா?"

நான் எட்ட நின்று டீ குடித்தேன்.

"ஏய், நீ வந்து பாக்கலையா? ஒன் சகலை வண்டிதான?"

"டயரு உருண்டையாத்தான இருக்கும்?" என்றேன். சிரித்தார்கள்.

அப்போது சகலை சொன்னான்: "இது கோடை டயரு. ரோட்டப் பிடிச்சா விடாது."

அந்த வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது. எங்கள் பக்கம் கோடை என்றால் கொடைக்கானல். 'கோடைக்குச் சவாரி', 'கோடையில மண்ணு சரிஞ்சிருச்சு' என்றுதான் டிரைவர்கள் பேசுவோம். வெயில் காலத்தை வெயில் காலம் என்போம். ஆகவே அது கொடைக்கானல் மலை ஏறுவதற்கென்றே செய்த டயர் என்று எடுத்துக்கொண்டேன். தேனிக்கும் மதுரைக்கும் தரையில் ஓட்டுகிறவனுக்கு மலை டயர். வாரம் இரண்டு தரம் மலை ஏறுகிற எனக்கு மொட்டை டயர். எனக்கு அது பொறுக்கவில்லை. முதலாளி வேறு அவன் வண்டியைப் புகழ்ந்துவிட்டார். இன்றைக்குப் புகழ்வார், நாளைக்குக் கூப்பிடுவார்.

அவனிடமே கேட்டிருக்கலாம். என் வண்டிக்குச் சரிப்படுமா என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை.

மாமனார் வீட்டில் ஒரு காதுகுத்து வந்தது. எல்லாரும் பந்தியில் இருந்தபோது வெளியே வந்து அவன் கார் பக்கத்தில் குந்தினேன். டயரில் இருந்த எழுத்தையும் எண்ணையும் தீப்பெட்டி அட்டையில் எடுத்தேன். இங்கிலீஷ் எழுத்து எனக்கு எழுத வராது. பார்த்து வரைந்தேன்.

கை கழுவ வந்த கொழுந்தியாள் பார்த்துவிட்டாள்.

"என்ன மச்சான், டயருக்குப் பொட்டு வைக்கிறீகளா?"

"காத்துக் கம்மியா இருக்கோன்னு பாத்தேன்."

"பாக்குற சாக்குல எறக்கி விட்டுறாதீக."

சிரித்துக்கொண்டே போனாள். அவள் சொன்னது விளையாட்டுக்கு. எனக்கு அந்த எண்ணம் அதற்கு முன்பே ஒரு தரம் வந்து போயிருந்தது.

தேனிக்குப் போனேன். டயர் கடைக்காரரிடம் அட்டையை நீட்டினேன்.

"கோடை டயர் வேணும்."

"அடேயப்பா, சுத்தத் தமிழ்ல கேக்குறீக" என்று சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. "இருக்குண்ணே. வண்டி எங்கன ஓடுது?"

"மலையில."

"மலையிலன்னா தார் ரோடுதான?"

"தார் ரோடுதான்."

தோட்டத்துக்குள் கடைசி மூன்று கிலோமீட்டர் கல் பாதை. அதை நான் சொல்லவில்லை. அவர் இன்னொரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"மலைக்குப் போறீகன்னா இதப் பாருங்கண்ணே. பக்கவாட்டு கனம். கல்லு முள்ளு தாங்கும். பாக்கத்தான் சுமாரா இருக்கும்."

பார்த்தேன். நான் அதுவரை போட்டிருந்த டயர் மாதிரியே இருந்தது. சகலை காருக்குப் பக்கத்தில் அதை நிறுத்திப் பார்க்க மனம் வரவில்லை.

"எழுதியிருக்கத எடுங்க" என்றேன்.

நாலும் மாட்டினார். பழைய நாலையும் அங்கேயே கழித்துவிட்டேன். கார் ஒரு விரற்கடை தாழ்ந்து நின்றது. ஸ்டாண்டில் சகலை கார் நிற்கிற இடத்தை ஒட்டி நிறுத்தினேன். அவன் அன்று சவாரியில் இருந்தான். பார்க்கவில்லை.

புதன்கிழமை முதலாளி ஏறினார். வளைவுகளில் கார் கயிறு கட்டி இழுத்தது போல் போயிற்று.

"ஏப்பா, இது ஒன் வண்டிதானா?" என்றார்.

அதுபோல் ஒரு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தில்கூட இல்லை. கம்பம்மெட்டு தாண்டும் வரை இருந்தது.

கல் பாதையின் முதல் மேட்டிலேயே முன் டயரின் ஒல்லிப் பக்கம் கிழிந்தது. துணி கிழிகிற சத்தம். முதலாளி இறங்கிக் குடையை ஊன்றி நின்றார். ஸ்டெப்னி மாட்டினேன். தோட்டத்தில் வேலை முடிந்து இறங்கும்போது பின் டயர் கிழிந்தது. மாட்ட வேறு இல்லை.

ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று வந்தது. அதில்தான் முதலாளியை அனுப்ப வேண்டியிருந்தது. அவரால் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. நானும் ஜீப் டிரைவருமாகத் தூக்கி வைத்தோம். கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"பாத்து வா" என்றார். திட்டியிருக்கலாம்.

ஜீப் டிரைவர் கீழே போய்ச் சொல்ல, சாயங்காலம் சகலை வேறொரு ஜீப்பில் வந்தான். தன் கார் ஸ்டெப்னியைக் கொண்டு வந்திருந்தான். கிழிந்ததைத் தடவிப் பார்த்தான்.

"இத ஏன் சகலை கல்லுப் பாதைக்குப் போட்டீக?"

"நீதான கோடை டயருன்ன?"

என் முகத்தைப் பார்த்தான். பிறகு அங்கேயே கல்லில் உட்கார்ந்து கண்ணில் தண்ணி வரச் சிரித்தான்.

"கோடைன்னா வெயிலு காலம் சகலை! கடையில சம்மர் டயருன்னாக. ரேடியோவுல சொல்றாப்புல நாமளும் சொல்லுவமேன்னு கோடைன்னேன். இது சுடுற தாரு ரோட்டுல வேகமா போறதுக்கு உள்ளது. கல்லுல பட்டா பொடவ கணக்கா கிழியும். நானே மலைச் சவாரின்னா பழசத்தான் மாட்டிட்டு ஏறுறேன்."

பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

நான் நட்டைத் திருகிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவன் வீட்டில் இருந்த பழைய டயர் நாலையும் கொண்டுவந்து என் காருக்கு மாட்டினான். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் இல்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு முதலாளி வீட்டு வாசலில் போய் நின்றேன். வருவாரா, வேறு வண்டிக்குச் சொல்லிவிட்டாரா, தெரியாது. கதவு திறக்க ரொம்ப நேரம் ஆனது. மெதுவாக நடந்து வந்து ஏறினார். மலை ஏறத் தொடங்கினோம். இரண்டாவது வளைவில் சொன்னார்.

"ஒன் சகலையைத்தான்ப்பா வரச்சொன்னேன்."

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"மாட்டேன்னுட்டான். 'அது எங்க சகலை ஓட்டம், நான் வரமாட்டேன். டயரு மாத்தியாச்சு, நம்பி ஏறுங்க'ன்னான். நல்ல பய."

"ஆமாங்க" என்றேன்.

ஓட்டம் போகவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவர் என் காரில்தான் வந்தார். ஒவ்வொரு புதனும் சனியும் சகலை விட்டுக்கொடுத்ததை நான் ஓட்டினேன். அவன் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அவன் பெண்டாட்டிக்கே தெரியாது. எங்கேயாவது பெருமையாகப் பேசியிருந்தால் ஒரு சண்டை போட்டிருப்பேன். அதற்கும் அவன் இடம் கொடுக்கவில்லை.