பாய்லருடன் இணைப்பில்லாத புகைபோக்கி

செவ்வாய்க்கிழமை. சென்னிமலைக்கு அருகில் ஒரு சாய ஆலை. பக்கத்து வீட்டார் அளித்த கரித்தூள் புகாரின் மீது ஆய்வு.

காலை 10.20: ஆலையை அடைந்தோம். விறகு பாய்லர் இயங்கிக்கொண்டிருந்தது.
10.45: பெல்ட் அணிந்து புகைபோக்கியில் ஏறினோம்.
11.10: உள்ளே வெப்பநிலை 33 டிகிரி. கருவி பழுது எனக் கருதப்பட்டது.
11.25: பக்கத்து மொட்டைமாடியிலிருந்து ஒரு பெண்மணி இரு கைகளையும் அசைத்தார். கள உதவியாளர் பதிலுக்குக் கையசைத்தார்.
11.40: ஷெட்டுக்குப் பின்னால் குட்டையான வேறொரு புகைபோக்கியில் கரும்புகை. அடுத்த ஆலையுடையது எனக் கருதி, அந்த ஆலைக்கு நோட்டீஸ் பரிந்துரைக்கப்பட்டது.
12.50: மாதிரி சேகரிப்பு முடிந்தது. தேநீர்.

இவை என் குறிப்பேட்டில் உள்ளபடியே. அப்போது நான் மாசுக் கட்டுப்பாட்டுத் துறையில் சுற்றுச்சூழல் பொறியாளர். முனைவர் பட்டம் பெற்றிருந்தேன். ஆய்வுப் பொருள், புகைபோக்கியிலிருந்து வெளியேறும் துகள்களின் பரவல். கையசைத்த கள உதவியாளர் அந்தோணிராஜ், கோவை நகரத்துக்காரர். இருபத்திரண்டு ஆண்டுகள் என்னுடன் ஏணி ஏறியவர். சென்ற மாதம் காலமானார். எனவே நடந்ததைச் சொல்ல இனி நான் ஒருவன்தான்.

33 டிகிரி என்றதும் அவர் கருவியை இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

"சார், பாய்லர் புகை இந்தச் சூடுன்னா, குளிக்கக்கூடப் பத்தாதுங்க."

"கருவியை மாற்றிப் பாருங்கள்."

"மாத்திட்டேனுங்க. இதுவும் அதேதான் சொல்லுது. ரெண்டும் பேசி வெச்சுக்கிச்சாட்ட இருக்குது."

அந்த இடத்தில் நான் இறங்கி, பாய்லரிலிருந்து புகை செல்லும் வழியைப் பார்த்திருக்க வேண்டும். வெயில் கடுமையாக இருந்தது. பார்க்கவில்லை.

ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. துகள் அளவு, எங்கள் அலுவலக வாசலில் உள்ள காற்றைவிடக் குறைவு. மாவட்ட அதிகாரி அம்மையார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்க டாக்டர், இவ்வளவு சுத்தமான புகையா? ஜன்னலை எல்லாம் சாத்திட்டு அங்கிருந்து ஒரு பைப் இழுத்துக்கலாமா?"

நான் சிரிக்கவில்லை. ஆலையில் எரிதல் சிறப்பாக நடைபெறுவதாக விளக்கினேன். புகாரில் முகாந்திரமில்லை என்று கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன்.

கடிதம் போன நான்காம் நாள், மாடியில் கையசைத்த பெண்மணி அலுவலகத்துக்கு வந்தார். பெயர் மயிலாத்தாள். வீட்டில் நான்கு தறி வைத்துப் படுக்கை விரிப்பு நெய்பவர். என் கடிதத்தை மேசையில் வைத்து, அதன் மேல் ஒரு வெள்ளை விரிப்பை உதறி விரித்தார். விரிப்பு முழுதும் கரும்புள்ளி.

"ஏனுங்க சார், அன்னைக்குக் கை ரெண்டையும் ஆட்டி ஆட்டிச் சொன்னனுங்களே, அது இல்லீங்க, அது இல்லீங்கன்னு! இந்த அண்ணன் டாட்டா காட்டிப்போட்டு எறங்கிட்டாருங்க."

அந்தோணிராஜ் சுவரைப் பார்த்தார்.

"எது இல்லை, அம்மா?" என்றேன்.

"நீங்க ஏறுனதுங்க! அது வாஸ்துக் குழாயிங்க. அதுல புகை வந்தா ஊரே அதிசயம் பாக்க வந்துபோடும். இப்புடிப் புள்ளி உழுந்தா கடைக்காரரு துணிய எடுக்க மாட்டேங்கறாருங்க. புகாரையும் நீங்க முடிச்சுப்போட்டா, நான் தறிய வித்துப்போட்டு மில்லு வேலைக்குத்தான் போகோணும்."

அன்று மாலையே ஆலைக்குச் சென்றோம். உரிமையாளர் மிகுந்த மரியாதையுடன் விளக்கினார். புகைபோக்கியை உயர்த்தும்படி ஆணையிட்டவர்கள் நாங்களே. பாய்லர் இருப்பதோ தென்கிழக்கு, அதாவது அக்னி மூலை. அது தென்மேற்கிலுள்ள கன்னி மூலையைவிட உயரக் கூடாது என்று வாஸ்து நிபுணர் தடுத்துவிட்டார். ஆகவே முதலில் கன்னி மூலையில் உயரமான வெற்றுப் புகைபோக்கி ஒன்றை நட்டு, அசல் புகைபோக்கியை உயர்த்த நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார். புகைபோக்கி செய்த பட்டறையில் ஒரே டிராயிங்தான் இருந்தது. எனவே வெற்றுப் புகைபோக்கிக்கும் ஏணி, மேடை, மாதிரி எடுக்கும் துளை எல்லாம் விதிப்படி அமைந்துவிட்டன.

"இதை ஏன் அன்றே சொல்லவில்லை?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே. நேராப் போயி ஏறிட்டீங்க. படிச்சவங்க, ஏதோ காரணம் இருக்கும்னு உட்டுட்டனுங்க."

நாங்கள் நோட்டீஸ் பரிந்துரைத்த அடுத்த ஆலை என்பது அங்கு இல்லவே இல்லை. கரும்புகை விட்ட குட்டைப் புகைபோக்கிதான் இந்த ஆலையின் அசல்; அதற்கு அப்பால் சோளக்காடுதான்.

மாவட்ட அதிகாரி எச்சரித்தார். "உங்க ரிப்போர்ட்டைத் தப்புன்னு நீங்களே எழுதினா, விளக்கம் கேட்டு மெமோ வரும். யோசிச்சுக்குங்க."

யோசித்தேன். அறிக்கை அப்படியே நின்றால் மயிலாத்தாளின் தறிகள் போகும். எழுதினேன்: 'அளக்கப்பட்டது, வாஸ்து காரணமாக நிறுவப்பட்ட, பாய்லருடன் இணைப்பில்லாத புகைபோக்கி.'

"வாஸ்துன்னு வேண்டாமுங்க சார். சென்னையில சிரிப்பாங்க," என்றார் அந்தோணிராஜ்.

அந்தச் சொல்லை நான் நீக்கவில்லை. மெமோ வந்தது. சிரித்ததாகவும் கேள்விப்பட்டேன்.

அசல் புகைபோக்கியை அளந்தோம். அனுமதித்த அளவைப்போல இரு மடங்கு. துகள் வடிகட்டி பொருத்தவும் உயரத்தைக் கூட்டவும் மீண்டும் ஆணையிட்டோம். வடிகட்டிக்கு உரிமையாளர் உடனே சம்மதித்தார். உயரத்துக்கு நல்ல நாள் அமையவில்லை. வழி கண்டவர் அந்தோணிராஜ்.

"ஏனுங்க, உங்க பாய்லர் புகைய அந்த வெத்துக் குழாய்க்கே இழுத்து உட்டுட்டா என்னங்க? அதுதான் வேணுங்கற உயரம் இருக்குதே."

"ஐயையோ, கன்னி மூலையில நெருப்பு ஆகாதுங்க!"

"நெருப்பு எங்கீங்க போகுது? அது பாய்லர்லயேதான் இருக்கும். புகை மட்டுந்தானுங்க வாக்கிங் போகுது."

உரிமையாளர் நிபுணரை போனில் அழைத்தார். நாங்கள் அரசுப் பணியாளர் இருவரும் கைகட்டி நின்றோம்.

"புகையப் பத்தி சாஸ்திரத்துல ஒண்ணும் சொல்லலீங்களாம். செய்யச் சொல்லிட்டாருங்க."

ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்தது. மயிலாத்தாளின் விரிப்பில் புள்ளி நின்றது. அவர் இரண்டு விரிப்புகள் கொண்டுவந்தார்; விதியைச் சொல்லித் திருப்பி அனுப்பினோம். அதற்குப் பதிலாக மாதம் ஒருமுறை அந்தோணிராஜுக்கு போன் செய்து, "அண்ணா, வெள்ளையா இருக்குதுங்க" என்று அறிக்கை தந்துவந்தார். எங்கள் கண்காணிப்புக் கருவி எதுவும் இத்தனை ஆண்டுகள் தவறாமல் இயங்கியதில்லை.

சென்ற வாரம் என்னை அழைத்தார். "சார், அண்ணன் போனே எடுக்க மாட்டேங்கறாருங்க."

வெளியூர் போயிருக்கிறார் என்றேன். 

இத்துறைக்கு வரும் இளையோருக்கு என் அனுபவம் இதுதான்: கருவி பொருந்தாத எண்ணைக் காட்டினால், கருவியைச் சந்தேகிக்கும் முன் இறங்கி வாருங்கள். பாய்லரின் வாயிலிருந்து புகைபோக்கி வரை நடந்து பாருங்கள். தவறு உங்களுடையதெனில் தாமதிக்காமல் எழுதிக் கொடுங்கள்.

நிலுவையில் உள்ளவை:

1. மாதிரி சேகரிப்புக் கையேட்டுக்கு நான் தருவதாக ஒப்புக்கொண்ட முன்னுரை.
2. அந்தோணிராஜின் மகளுக்குக் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பத்தில் உதவுவது.
3. சென்னிமலைக்கு நேரில் சென்று மயிலாத்தாளிடம் சொல்வது.