குணம் அண்ணையின் ஹீட்டர் இல்லாத கார்

குணம் அண்ணை போய்விட்டார் என்று அவருடைய மனைவி ராணி அக்கா தொலைபேசியில் சொன்னபோது, நான் குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். "நித்திரையிலேயே போயிட்டார் தம்பி, கஷ்டப்படேல்லை" என்றவர், அழுகைக்கு நடுவில், "இனி அந்தக் காரோட ஆர் கதைக்கிறது?" என்றும் கேட்டார். காரை விட்டுவிட்டு அண்ணைக்காக அழ அக்காவாலும் முடியவில்லை.

அந்தக் காரை அறியாத தமிழர் லண்டனில் எங்கள் ஹரோ பக்கம் குறைவு. அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் செய்தது, பூசணிப்பழ நிறம். அது வீதி முனையில் திரும்பும்போதே எங்கள் வீட்டுத் தேத்தண்ணிக் கோப்பைகள் நடுங்கும். ஆனால் அண்ணைக்கு எஞ்சினைவிடப் பெருமை, அதை முதலில் வாங்கிய யாரோ ஓர் அமெரிக்கன் தொழிற்சாலைக்குக் கொடுத்த ஓடர்தான். இருப்பதிலேயே பெரிய எஞ்சின் வேண்டும். பாரம் குறைய ஹீட்டரும் ரேடியோவும் வேண்டாம். ஆனால் மணிக்கூடு வேண்டும், கூரைக்கு வெள்ளை வினைல் உறையும் வேண்டும்! இப்படியொரு சேர்மானத்தை வேறெந்தக் காரிலும் அண்ணை கண்டதில்லை.

"வேகமாயும் போகவேணும், வடிவாயும் போகவேணும், நேரத்துக்கும் போகவேணும், குளிர்ந்தால் பரவாயில்லை. அவன் எங்கட ஆள்தான்" என்பார்.

"ஒரு ஹீட்டரைப் பூட்டுங்கோவன் அண்ணை."

"பூட்டினால் அவன் கேட்ட கார் இல்லையே, தம்பி. உனக்குக் குளிருதெண்டால் பஸ்ஸில வா."

நான் ஓ.எல். பரீட்சையோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன். கார்களைப் பற்றியும் நிறத்தைத் தாண்டி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அண்ணைக்கு நான் தேவைப்பட்டேன். காரின் ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால், முன்னால் போகும் லொறியை முந்தலாமா என்று வலது பக்கம் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும். "நீதான் என்ர வலது கண்" என்பார். தெருவில் நிற்பவர்கள், நான் கையைக் கட்டிக்கொண்டு கார் ஓட்டுவதாக நினைத்து வாய் பிளப்பார்கள். வாழ்க்கையில் வேறு எதற்கும் என்னை அப்படி ஒருவரும் பார்த்ததில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தை மாதத்தில், ஆர்ச்வே முருகன் கோயிலில் என் மகள் நிலாவுக்குக் கல்யாணம். குணம் மாமாவின் காரில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மாப்பிள்ளை பகுதி சுவிஸிலிருந்து வந்தவர்கள். முகூர்த்தம் பிந்தினால் ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவார்கள் என்று என் மனைவிக்குப் பயம்.

கல்யாணத்தன்று பாதி வழியில் மழை. ஹீட்டர் இல்லாத காரில் நாலு பேரின் மூச்சும் முன்கண்ணாடியில் படிந்து, வீதியே மறைந்துவிட்டது. அண்ணை காரை ஓரத்தில் நிறுத்தினார்.

"ஜன்னலைத் திறப்பமே?" என்று கேட்டேன்.

"ஐயோ, தலையலங்காரம் போச்சு!" என்று மனைவி கத்த, கண்ணாடி இன்னும் மங்கியது.

"அப்ப ஒருத்தரும் மூச்சு விடாதேங்கோ" என்றார் அண்ணை. "முக்கியமா நீ கதையாதை தம்பி. கண்ணாடியில படியிற புகாரில பாதி உன்ர வாயாலதான்!"

காலையிலிருந்து நான் வாய் மூடவில்லை என்பது உண்மை. பெண்ணைப் பெற்றவனுக்குப் பதற்றம் இருக்காதா? வாயைப் பொத்திக்கொண்டு, என் புதுப் பட்டுச் சால்வையால் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினேன். நான் துடைக்க, அண்ணை அந்த ஓட்டையால் பார்த்து ஓட்ட, பின்னால் நிலா சிரிப்பை அடக்க முடியாமல் இன்னும் மூச்சு விட, கார் உறுமிக்கொண்டு கோயில் இருக்கும் ஹைகேட் மேட்டில் ஏறியது. ஐயர் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகூர்த்தத்துக்கு நேரம் இருந்தது.

"பாத்தியோ, அவன் மணிக்கூடு ஏன் கேட்டவன் எண்டு?" என்றார் அண்ணை.

தாரை வார்த்துக் கொடுக்கும் படத்தில், அந்தப் பழைய கண்ணாடியின் அழுக்கெல்லாம் ஏறிய என் சால்வை கரிச்சட்டி துடைத்த துணி மாதிரி இருக்கும். சலவைக்காரர் எவ்வளவோ முயன்றும் அந்தக் கறை போகவில்லை. அண்ணை எனக்கு விட்டுப்போனது அதுதான். இனி யாரும் அந்தக் கறையை எடுக்கவும் விடமாட்டேன்.

இறுதிச் சடங்கன்று அந்தச் சால்வையைத்தான் போட்டுக்கொண்டு போனேன். அண்ணையின் மகன் காரை ஓட்ட, நான் என் வழமையான வலது பக்கத்தில், பின்னால் ராணி அக்காவும் நிலாவும். வெளியே மழை. நான் பழக்கதோஷத்தில் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து என் தோளிலிருந்த சால்வையை உருவியது.

"கதையுங்கோ அப்பா" என்றாள் நிலா. "மங்கினால் நான் துடைக்கிறன்."